பதுங்கு குழியும் ஒரு ஜோடிக் காலுறையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் முதல் உலகப் போரைப் பற்றி வெளிவரும் தொடரை முதல் வாரத்திலிருந்து விடாமல் படித்துவருகிறேன். போரின் அரசியல் காரணங்களை விளக்கிய முதல் இரண்டு பகுதிகளும் நன்றாக அமைந்திருந்தன. ஆனால் பதுங்கு குழிகளில் வீரர்கள் வாழ்ந்த நிலையைச் சொல்ல வந்த மூன்றாம் பகுதி, எனக்குச் சில மனக்குறைகளைத் தந்தது. வீரர்கள் நான்கு ஆண்டுகள் சேற்றுக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்றும், அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை பசியும் நோயும்தான் என்றும், அந்தத் துயரம் முழுவதும் மழையாலும் மண்ணாலும் வந்தது என்றும் கட்டுரையாளர் எழுதுகிறார். முதல் இரண்டு கூற்றுகளும் தகவல் பிழைகள். அவற்றைத் திருத்துவது எளிது. மூன்றாவதைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன். பள்ளியில் முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் என்ற முறையில், நானும் என் மாணவர்களுக்கு இதையே பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மழையும் மண்ணும் தந்த துயரத்தைக் கூட்டியதும் குறைத்ததும் மனிதர்களின் முடிவுகளும் ஏற்பாடுகளுமே என்பதுதான் இப்போது என் கருத்து.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் ‘பதுங்கு குழி’ என்று எழுதிப் பழகிவிட்டோம். குழி என்றதும் இரண்டு மூன்று பேர் குனிந்து ஒளியும் பள்ளம்தான் மனக்கண்ணில் வருகிறது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஜெர்மனியைப் பிரிட்டனும் பிரான்சும் எதிர்த்து நின்ற மேற்குப் போர்முனையில் இருந்தது அப்படிப்பட்ட குழி அன்று. ஆளுயரத்திற்கும் கூடுதலான ஆழத்தில் வெட்டப்பட்டு, சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து வடகடல் வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளத்திற்குப் பின்னிக் கிடந்த ஒரு தெருக்கூட்டம். எதிரியைப் பார்த்தபடி முன்வரிசை, அதற்குப் பின்னால் துணைவரிசை, அதற்கும் பின்னால் இருப்புவரிசை, இவற்றை இணைத்துக் குறுக்கே ஓடும் தொடர்புப் பாதைகள் என்று அது அமைந்திருந்தது. முன்வரிசை ஒருபோதும் நேர்கோட்டில் வெட்டப்படவில்லை. சில மீட்டருக்கு ஒருமுறை மடங்கி மடங்கித்தான் சென்றது. ஏனெனில் நேராக இருந்தால் உள்ளே குதித்துவிட்ட ஒரே எதிரி அதன் நீளம் முழுவதையும் சுட்டுவிட முடியும், விழுந்து வெடிக்கும் ஒரு குண்டின் சிதறல்களும் தடையின்றி வெகுதூரம் பாயும். ஆகவே உள்ளே நிற்கும் வீரனுக்குத் தெரிந்ததெல்லாம் இரு பக்கமும் மண்சுவர், மணல் மூட்டைகள், அடுத்த திருப்பம், தலைக்கு மேல் ஒரு கீற்று வானம், அவ்வளவே. மாதக்கணக்கில் போர்முனையில் இருந்தும் எதிரியின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் இருந்தார்கள்.

‘அகழி’ என்றும் சிலர் மொழிபெயர்க்கிறார்கள். கோட்டையைச் சுற்றி நீர் நிறைத்து வைக்கும் அகழியைத்தான் அந்தச் சொல் நமக்கு நினைவூட்டும் என்பதால் அது பொருந்தாது என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அங்கே நிலத்தடி நீர் அவ்வளவு மேலே நின்றது. தோண்டத் தொடங்கினால் இரண்டு மூன்று அடியிலேயே தண்ணீர் ஊறிவிடும். களிமண் என்பதால் ஊறிய நீர் இறங்காது. வயல்களுக்கு வடிகாலாக இருந்த கால்வாய்களையும் பீரங்கிகள் உடைத்துவிட்ட பிறகு அது ஓடிப்போகவும் வழியில்லை. பல இடங்களில் பிரிட்டிஷ் படையினர் தோண்டுவதையே கைவிட்டு, மணல் மூட்டைகளைத் தரைக்கு மேல் சுவராக அடுக்கி, அதற்குப் பின்னால் நின்றார்கள். தெற்கே பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் நிலை வேறு. அங்கே மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை இருந்ததால் ஆழமாகத் தோண்டவும் முடிந்தது, சுவர்களும் ஓரளவு நின்றன.

இதுவரை சொன்னது மண்ணின் குணம். கட்டுரையாளர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார். ஆனால் அந்தத் தாழ்நிலத்தில் பிரிட்டிஷ் வீரன் நிற்க, எதிரே சற்று மேட்டில் ஜெர்மானிய வீரன் நின்றானே, அது எப்படி நேர்ந்தது? 1914 செப்டம்பரில் பிரான்சின் மார்ன் ஆற்றங்கரையில் தடுத்து நிறுத்தப்பட்ட ஜெர்மானியப் படை பின்வாங்கியபோது, தான் நிற்கப்போகும் இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு அதற்குப் பல இடங்களில் கிடைத்தது. அது மேட்டைத் தேர்ந்துகொண்டது. தான் பிடித்த நிலத்தில் நிலைத்திருப்பதே அதன் நோக்கமாக ஆனபின், சோம் பகுதியில் முப்பது அடி ஆழம் வரை நிலவறைகளைக் குடைந்து, மரச்சட்டம் கொடுத்து, அடுக்குக் கட்டில்கள் போட்டது. சிலவற்றில் மின்விளக்குகூட இருந்தது. பிரிட்டனும் பிரான்சும் இழந்த நிலத்தை மீட்க வேண்டியவை. ஓரடிகூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற பிடிவாதத்தால் அவை மோசமான தாழ்நிலத்தையும் பிடித்துக்கொண்டு நின்றன. மேலும், குழி வசதியாக இருந்தால் வீரனின் தாக்கும் ஊக்கம் குன்றிவிடும், எப்படியும் அடுத்த மாதம் முன்னேறிப் போகத்தானே போகிறோம் என்ற எண்ணம் பிரிட்டிஷ் தலைமையிடம் நெடுநாள் இருந்தது. ஆகவே சாதாரண வீரனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் குழிச்சுவரின் பக்கவாட்டில் தானே குடைந்துகொண்ட ஒரு பொந்துதான். உடலை மடக்கி அதில் திணித்துக்கொண்டு, மழைத்தாங்கிக் கித்தானை வாசலில் தொங்கவிட்டுத் தூங்க வேண்டும். இதன் விளைவு சோம் பகுதியில் தெரிந்தது. 1916 ஜூன் 24 முதல் ஒரு வாரம், பிரிட்டிஷ் பீரங்கிகள் பதினைந்து இலட்சம் குண்டுகளுக்கு மேல் பொழிந்த பின்னும் ஜூலை 1 காலையில் ஜெர்மானியர்கள் நிலவறைகளிலிருந்து ஏறிவந்து இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்தினார்கள். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 19,240 பேர். காயமடைந்தவர்களையும் காணாமற்போனவர்களையும் சேர்த்தால் 57,470. தங்குமிடம் பற்றிய ஒரு முடிவு எத்தனை உயிர்களோடு தொடர்புடையது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேட வேண்டியதில்லை.

இனி, ‘அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்’ என்பதற்கு வருகிறேன். உட்காரக் கிடைத்திருந்தால் அவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். விடிவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே அனைவரும் எழுந்து, துப்பாக்கியில் கத்தியைச் செருகி, சுடுமேடைப் படியில் ஏறி நிற்க வேண்டும். தாக்குதல் வந்தால் விடியலில்தான் வரும் என்பதால் இந்த ஏற்பாடு. எதிரியும் இதே காரணத்திற்காக இதே நேரத்தில் இதே போல் நின்றுகொண்டிருப்பான் என்பது வேறு விஷயம். நன்றாக விடிந்ததும் பிரிட்டிஷ் படையில் ஆளுக்கு ஒரு மடக்கு ரம் வழங்கப்படும். பிறகு துப்பாக்கித் துடைப்பு, அதிகாரியின் பார்வையிடல், காலையுணவு. சில பகுதிகளில் காலையுணவு நேரத்தில் இரு தரப்பும் பேசிவைக்காமலே சுடாதிருந்தன. மேலதிகாரிகளுக்கு இது தெரியவந்தபோதெல்லாம் நிறுத்த முயன்றார்கள். பகலில் தலையை வெளியே காட்ட முடியாது. மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுபவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். பகல் அதனால் காவலுக்கும், மண் சரிந்த சுவரைச் சீராக்குவதற்கும், தண்ணீர் இறைப்பதற்கும், கிடைத்த சில மணி நேரத் தூக்கத்திற்கும் போய்விடும். உண்மையான வேலை இருட்டிய பிறகுதான் தொடங்கும். முள்கம்பி வேலியைச் சரிசெய்ய முன்னே போகிறவர்கள், ஒற்றறிய ஊர்ந்து போகிறவர்கள், பின்னாலிருந்து உணவும் தண்ணீரும் தோட்டாவும் மணல் மூட்டையும் பலகையும் சுமந்து வருகிறவர்கள் என்று அந்தத் தெருக்கூட்டம் இரவு முழுவதும் நெரிசலாக இருக்கும். வானில் எறியப்படும் வெளிச்சக் குண்டு எரிந்து அணையும்வரை வெளியே நிற்பவர் மரம்போல் நிற்க வேண்டும். காவலுக்கு நிற்பவருக்குப் பொதுவாக இரண்டு மணி நேர முறை. நிற்கும்போது கண்ணயர்ந்தால் மரண தண்டனை விதிக்கவும் சட்டத்தில் இடமிருந்தது. தூக்கமின்மை அந்தப் போரின் பெரிய பகைகளுள் ஒன்று என்பதை நம் கட்டுரைகள் ஏனோ எழுதுவதே இல்லை.

நான்கு ஆண்டுகளும் ஒருவரே முன்வரிசையில் இருந்தார் என்பதும் தவறு. பிரிட்டிஷ் படையில் ஒரு பட்டாலியன் (ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட படை அலகு) சில நாட்கள் முன்வரிசையிலும், சில நாட்கள் துணைவரிசையிலும், பிறகு இருப்பிலும் ஓய்விலும் என்று சுழன்றுவந்தது. கடும் சண்டை நடக்கும் காலங்களில் இந்தச் சுழற்சி குலைந்துவிடும். மற்றபடி முன்வரிசையில் கழித்தது பெரும்பாலோருக்கு ஆண்டின் சிறு பகுதியே. ஓய்வு என்பதும் பெயரளவில்தான். பயிற்சியும், சாலைபோடும் வேலையும், இரவில் சுமை தூக்கும் வேலையும் ஓய்வில் இருப்பவர் தலையில்தான் விழுந்தன. ஆயினும் வெந்நீரில் குளிக்கவும், துணி மாற்றவும், நீட்டிப் படுக்கவும் அப்போதுதான் முடிந்தது. சுழற்சி நடந்த இடத்தில் மனிதன் ஒருவாறு தாக்குப்பிடித்தான்.

துயரத்தைக் கூட்டியதும் குறைத்ததும் மனித ஏற்பாடுகளே என்பதற்கு நான் காட்ட விரும்பும் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு கால். ‘டிரெஞ்ச் ஃபுட்’ என்று அழைக்கப்பட்ட பாத நோயைக் கட்டுரையாளர் ஒரே வரியில் ‘சேற்றுப்புண்’ என்று எழுதிக் கடந்துவிட்டார். சேற்றுப்புண் என்பது விரலிடுக்கில் வரும் அரிப்பும் புண்ணும். இது அதுவன்று. உறைபனிகூடத் தேவையில்லை, குளிர்ந்த ஈரத்தில், இறுக்கமான பூட்சுக்குள், கால் மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் போதும். இரத்தக் குழாய்கள் சுருங்கிப் பாதத்திற்கு இரத்தம் போவது குறைகிறது. முதலில் பாதம் மரத்துப்போகிறது. பிறகு வெளுக்கிறது, நீலம் பாய்கிறது, வீங்குகிறது. பூட்சைக் கழற்றினால் திரும்பப் போட முடியாது. கதகதப்பான இடத்திற்கு வந்து இரத்தம் மீண்டும் பாயத் தொடங்கும்போதுதான் வலி தொடங்குகிறது. போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாத வலி. முற்றினால் தசை அழுகி, விரல்களையோ பாதத்தையோ வெட்டியெடுக்க வேண்டியிருக்கும். 1914–15 குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 20,000-க்கும் மேற்பட்டோர் இதற்காகச் சிகிச்சை பெற்றார்கள். ஒரு பெரிய சண்டையின் இழப்புக்கு ஈடான எண்ணிக்கை இது. இதில் எதிரியின் கை ஒன்றும் இல்லை.

படைத் தலைமை இதற்கு என்ன செய்தது என்பதைப் பாருங்கள். குளிரைக் குறைக்க முடியாது, மழையை நிறுத்த முடியாது. முழங்கால்வரை காலில் சுற்றிய துணிப்பட்டையையும் பூட்சையும் தளர்த்திவிட வேண்டும், நாள்தோறும் பூட்சைக் கழற்றிப் பாதத்தைத் துடைத்துத் திமிங்கில எண்ணெய் தேய்க்க வேண்டும், உலர்ந்த காலுறை மாற்ற வேண்டும் என்று ஆணையிட்டார்கள். உலர்ந்த காலுறைகள் இரவில் உணவு மூட்டையோடு சேர்ந்தே முன்வரிசைக்கு வந்தன. ஈரமானவை பின்னால் போயின. தன் காலைத் தானே கவனிக்கும் தெம்பு எல்லோருக்கும் இராது என்பதால், இருவர் இருவராகப் பிரித்து ஒருவர் பாதத்துக்கு மற்றவரைப் பொறுப்பாக்கிய படைப்பிரிவுகளும் உண்டு. நடைபாதையில் மரச்சட்டப் பலகைகள் பரவலாகப் போடப்பட்டன, நீர் இறைக்கும் பம்புகள் வந்தன, முன்வரிசையில் நிற்கும் நாட்கள் குறைக்கப்பட்டன. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒரு பட்டாலியனில் இந்த நோய் கூடினால் அதன் தலைவர் மேலிடத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று ஆக்கினார்கள். நோய் முற்றாக ஒழியவில்லை. போர் முழுவதும் கணக்கிட்டால் பிரிட்டிஷ் படையில் ஏறத்தாழ 75,000 பேருக்கு வந்தது. ஆனால் படை பன்மடங்கு பெருகிய பிறகும் முதல் குளிர்காலத்தின் வேகத்தில் அது பரவவில்லை. அதே சேறு, அதே மழை. இடையில் மாறியது காலுறையும் கணக்குக் கேட்கும் வழக்கமும்தான். இந்த ஏற்பாட்டின் கசப்பான மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: பாதம் அழுகிய வீரன் வேண்டுமென்றே தன் காலைக் கெடுத்துக்கொண்டானோ என்று சந்தேகிக்கப்பட்டான், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவனுக்கு எண்ணெய் தேய்க்கவில்லை என்று தண்டனை கிடைத்ததும் உண்டு.

பேனைப் பற்றி எழுதக் கட்டுரையாளர் கூச்சப்பட்டிருக்கலாம். வீரர்கள் கூச்சப்படவில்லை. நம் மொழியில் தலைப்பேன் வேறு, சீலைப்பேன் வேறு என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பிரிவின் அருமை இங்கேதான் விளங்குகிறது. வீரனை வதைத்தது சீலைப்பேன். அது உடலில் குடியிருப்பதில்லை. உடுப்பின் தையல் மடிப்பில் தங்கி, அங்கேயே ஈர் இட்டு, இரத்தம் குடிக்க மட்டும் உடலுக்கு வருகிறது. வாரக்கணக்கில் ஒரே உடுப்பில் உறங்குகிறவர்களிடம் அது பெருகாமல் என்ன செய்யும்? ஓய்ந்த வேளைகளில் சட்டையைக் கழற்றி, தையலோரமாக மெழுகுவர்த்திச் சுடரை ஓட்டி ஈரைப் பொசுக்குவார்கள். படபடவென்று பொரியும் ஓசை கேட்கும். துணி எரிந்துவிடாமல் பேனை மட்டும் எரிப்பது ஒரு கைத்திறனாகவே கருதப்பட்டது. கூடி உட்கார்ந்து பேன் எடுக்கும் அந்த நேரம்தான் கதை பேசும் நேரமும். பின்வரிசையில் குளியலும் நீராவியில் துணி வேகவைத்தலும் ஏற்பாடாகியிருந்தன. ஆனால் தப்பிய ஈர்கள் உடல் சூட்டில் சில மணி நேரத்தில் பொரித்துவிடும். 1915-இல் மருத்துவர்கள் ஒரு புதிய காய்ச்சலைக் கவனித்தார்கள். தலைவலி, முழங்காலுக்குக் கீழே எலும்பில் குடைச்சல், ஐந்து நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும் காய்ச்சல். உயிரை எடுக்காது, ஆனால் ஆளை மாதக்கணக்கில் படுக்கையில் போடும். சீலைப்பேன்தான் இதைப் பரப்புகிறது என்பது 1918-இல்தான் உறுதிப்பட்டது. அதற்குள் எல்லாப் படைகளிலுமாகப் பல இலட்சம் பேரை அது படுக்கவைத்துவிட்டது. எலிகளைப் பற்றிக் கட்டுரையிலேயே போதுமான அளவு இருக்கிறது. புதைக்கப்படாத உடல்களைத் தின்று கொழுத்தவை அவை என்பதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

உணவைப் பற்றி: மேற்குப் போர்முனையின் பிரிட்டிஷ் வீரன் பட்டினி கிடந்தான் என்பது பொதுவாகச் சரியன்று. அவன் உண்டது சலிப்பூட்டும் உணவு. டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சி, தேநீரில் ஊறவைத்தாலொழியப் பல் இறங்காத கெட்டி பிஸ்கட், ஜாம், கிடைத்தால் ரொட்டி. சமையல் வெகு பின்னால் நடந்ததால் சூடான உணவு வந்துசேரும்போது சூடு இருக்காது. தண்ணீர் வந்தது பெட்ரோல் டின்களில். கிருமி போகப் பிளீச்சிங் பவுடரும் கலந்திருப்பார்கள். முன்வரிசைத் தேநீரில் இந்த இரண்டின் சுவையும் தெரியும் என்று அதைக் குடித்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் பிரிட்டிஷ் வீரன் நாள்தோறும் முகச்சவரம் செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. மிஞ்சிய தேநீரில் சவரம் செய்தவர்கள் உண்டு. பிரெஞ்சு வீரனுக்கோ ‘மயிரடர்ந்தவன்’ என்று பொருள்படும் ‘புவாலு’ என்பதே செல்லப்பெயர். ஜெர்மானிய வீரனின் தட்டுதான் ஆண்டுதோறும் சுருங்கியது. கடல் முற்றுகையாலும் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்ததாலும் 1916–17 குளிர்காலத்தில் ஜெர்மனியில் மக்கள் டர்னிப் கிழங்கைத் தின்று காலம் தள்ளியபோது, போர்முனையின் ரொட்டியும் குறைந்தது. 1918 வசந்தகாலத் தாக்குதலில் முன்னேறிய ஜெர்மானியர்கள், கைப்பற்றிய பிரிட்டிஷ் உணவுக் கிடங்குகளைக் கண்டு முன்னேறுவதை மறந்து நின்ற இடங்கள் உண்டு. நல்ல நிலவறையும் நல்ல உணவும் ஒரே படைக்கு வாய்க்கவில்லை.

நோயே பெரும்பாலோரைக் கொன்றது என்பது அதற்கு முந்தைய போர்களுக்குப் பொருந்தும். தென்னாப்பிரிக்கப் போரில் பிரிட்டிஷ் படையில் சண்டையில் மாண்டவர்களைவிடக் குடற்காய்ச்சல் முதலிய நோய்களில் மாண்டவர்களே மிகுதி. மேற்குப் போர்முனையில் இது தலைகீழானது. குடற்காய்ச்சலுக்குத் தடுப்பூசி, குடிநீரில் குளோரின், கழிப்பிடத்திற்கென்று தனியே நியமிக்கப்பட்ட ஆட்கள், காயமடைந்தவருக்கு வில்வாத (டெட்டனஸ்) எதிர்ப்பு ஊசி ஆகியவை சேர்ந்து இதைச் சாதித்தன. அங்கே கொன்றது பெரும்பாலும் பீரங்கி. உரமிட்டு உரமிட்டுப் பயிர்செய்த வயல்மண் காயத்துக்குள் போனதால் தசை அழுகும் நோய் பரவியதும், அதற்காக அறுவை மருத்துவமே மாறியதும் தனிக் கட்டுரைக்குரியவை. ஆனால் 1915-இல் துருக்கியின் கல்லிப்போலியில் நின்ற அதே பேரரசின் வீரர்கள் ஈக்களாலும் வயிற்றுக்கடுப்பாலும் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். அங்கே தண்ணீரைக் கப்பலில் கொண்டுவர வேண்டியிருந்தது, இடமோ குறுகலானது, ஏற்பாடோ அரைகுறையானது. மருத்துவ அறிவு இரு இடத்திற்கும் ஒன்றே.

இந்தியச் சிப்பாய்களைப் பற்றி அடுத்த வாரம் எழுதப்போவதாகக் கட்டுரையாளர் அறிவித்திருக்கிறார். மகிழ்ச்சி. அவருக்கு உதவக்கூடும் என்பதால் சிலவற்றை இங்கே குறிக்கிறேன். லாகூர், மீரட் படைப்பிரிவுகள் 1914 செப்டம்பர் இறுதியிலிருந்து மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கின. அக்டோபர் முடிவதற்குள் முதல் வந்தவர்கள் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே பதுங்கு குழிகளில் இருந்தார்கள். அக்டோபர் 31 அன்று ஹொலபெக்கேயில் காட்டிய வீரத்துக்காகக் குதாதாத் கான் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றார். பலர் வெப்ப நாட்டுப் பருத்திச் சீருடையோடு ஐரோப்பியக் குளிருக்குள் இறங்கினார்கள். கம்பளி உடைகள் பின்னால் வந்தன. கையெறி குண்டுகள் போதாமையால் ஜாம் டப்பாக்களில் வெடிமருந்து அடைத்துத் தாங்களே செய்துகொண்டார்கள். முள்கம்பியைத் தகர்க்க வீரர்களுக்குப் பின்னாளில் பழகிப்போன ‘பெங்களூர் டார்பிடோ’ என்ற வெடிகுழாய், போருக்குச் சற்று முன் 1912-இல் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் அதிகாரி ஒருவர் உருவாக்கியது. உணவில் மத, சாதி வழக்கங்களுக்கு இடம்கொடுக்க நிர்வாகம் கணிசமாகவே முயன்றது. தனிச் சமையல், உயிருள்ள ஆடுகள், பருப்பு, நெய், வெல்லம் எல்லாம் ஏற்பாடாயின.

அவர்களை உண்மையில் உடைத்தது வேறொன்று. காயம்பட்டவன் ஊர் திரும்புவான் என்பது சிப்பாய் அறிந்த பழைய வழக்கம். பிரான்சில், ஆறியதும் மீண்டும் அதே குழிக்கு அனுப்பினார்கள். பிரிட்டிஷ் வீரன் விடுப்பில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து தன் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம். சிப்பாய்க்கு அதுவும் இல்லை. தணிக்கைக்கு உட்பட்ட அவர்களுடைய கடிதங்களின் மொழிபெயர்ப்புகள் இன்றும் இருக்கின்றன. கருப்பு மிளகு தீர்ந்துவிட்டது, சிவப்பு மிளகும் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படுகிறது என்ற பொருளில் ஒருவர் வீட்டுக்கு எழுதினார். இந்தியச் சிப்பாய்கள் தீர்ந்து வெள்ளைச் சிப்பாய்களும் சாகிறார்கள் என்பதுதான் அதன் உட்பொருள். 1915 இறுதியில் இந்தியக் காலாட்படை பிரான்சிலிருந்து விலக்கப்பட்டு, பெரும்பகுதி மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) அனுப்பப்பட்டது. பிரான்சின் நவ் ஷாப்பெல் நினைவிடத்தில், உடல் கிடைக்காத இந்திய வீரர்கள் 4,700-க்கும் மேற்பட்டோர் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

மனநிலை பற்றிய பகுதி கட்டுரையில் இல்லவே இல்லை. ஓடவும் முடியாமல், திருப்பித் தாக்கவும் முடியாமல், அடுத்த குண்டு எங்கே விழும் என்று கேட்டபடியே மணிக்கணக்கில் நிற்பது மனித நரம்புகளுக்கு ஒவ்வாத செயல். பேச்சு நின்றவர்கள், நடுக்கம் நிற்காதவர்கள், கண் தெரியாமற்போனவர்கள் உடலில் ஒரு கீறலும் இல்லாமல் மருத்துவமனைக்கு வந்தார்கள். சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915-இல் இதை ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரால் மருத்துவ இதழில் எழுதினார். அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 1917-இல் படைத் தலைமை ஆணையிட்டது. பெயரைத் தடைசெய்தால் நோய் குறையும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள். சிலருக்கு மருத்துவர் கிடைத்தார், சிலருக்குப் படை நீதிமன்றம் கிடைத்தது. ஓடிப்போனது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பிரிட்டிஷ், பேரரசு வீரர்களுக்குப் பொதுமன்னிப்பு 2006-இல்தான் வந்தது. மறுபுறம், முன்வரிசைக்குச் சற்றுப் பின்னாலேயே சில நாள் தூக்கமும் சூடான உணவும் அமைதியும் கொடுத்தால் பலர் தேறினார்கள் என்பதையும் அந்தப் போர்தான் காட்டியது.

நான் சொல்லவருவதற்குக் கடைசிச் சான்று பிரெஞ்சுப் படை. 1916-இல் பிரான்சின் வெர்தனில் நடந்த நெடும் போரில் தளபதி பெத்தேன், படைப்பிரிவுகளைச் சில நாட்களில் மாற்றி மாற்றி அனுப்பி அந்த நரகத்தைத் தாக்குப்பிடிக்கச் செய்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் தளபதி நிவேலின் தாக்குதல் பெரும் இழப்போடு தோற்றபோது, படையின் ஏறத்தாழ பாதிப் பிரிவுகளில் கீழ்ப்படியாமை வெடித்தது. அவர்கள் எதிரிக்கு வழிவிடவில்லை. குழிகளைக் காத்து நிற்போம், வீண் தாக்குதலுக்குப் போகமாட்டோம் என்றார்கள். முறையான விடுப்பும் உண்ணத்தக்க உணவும் கேட்டார்கள். பெத்தேன் தலைமை ஏற்றுச் சிலரைச் சுட்டார், பலரைச் சிறையிட்டார்; கூடவே நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏழு நாள் விடுப்பையும், நல்ல சமையலையும், தகுந்த ஓய்வு முகாம்களையும் உறுதிசெய்தார். படை மீண்டது. மழை அந்த ஆண்டும் பெய்தது.

கட்டுரையாளர் இதையெல்லாம் ‘நூறாண்டுக்கு முந்தைய கொடுமை’ என்று முடித்திருப்பதும் சரியாகப் படவில்லை. 1944–45 குளிர்காலத்தில் ஐரோப்பாவில் அமெரிக்கப் படையினர் பல்லாயிரம் பேருக்கும், 1982-இல் ஃபாக்லாந்து தீவுகளில் பிரிட்டிஷ் வீரர்களுக்கும் அதே பாத நோய் வந்தது. உக்ரைனில் இன்றும் மனிதர்கள் தோண்டிய மண்ணுக்குள் குளிரிலும் ஈரத்திலும் இருக்கிறார்கள். தலைக்கு மேல் திரியும் டிரோன்களால் உணவு கொண்டுபோவதும், காயம்பட்டவரைத் தூக்கிவருவதும், களைத்தவரை மாற்றுவதும் பகலிலும் இரவிலும் ஆபத்தாகிவிட்டன. சுழற்சி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 1914-இன் குளிர்காலத்தைப் படித்தவர்கள் அறிவார்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வெளியான படத்தில் வீரர்கள் துப்பாக்கியை ஏந்திக் குழியிலிருந்து பாய்கிறார்கள். அடுத்த பகுதிக்குப் படம் தேடும்போது, அதிகாரி ஒருவர் குனிந்து வீரர்களின் வெறும் பாதங்களைச் சோதிக்கும் புகைப்படங்கள் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். போர் ஆவணக் காப்பகங்களில் அத்தகைய படங்கள் இருக்கின்றன. அல்லது பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுக்கப்பட்ட அந்த அச்சிட்ட அஞ்சலட்டையை வெளியிடுங்கள். ‘நான் நலமாக இருக்கிறேன்’, ‘மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளேன்’ என்று வரிசையாக வாக்கியங்கள் இருக்கும். பொருந்தாதவற்றை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் மட்டும் இட வேண்டும். வேறு ஏதாவது ஒரு சொல் எழுதினாலும் அட்டை அழிக்கப்படும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன்